பிரம்பு நாற்காலிக்கு எதைப் பூசுவது? கொஞ்சம் பெரிய பதில்



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார். "ஐயா, தாத்தா காலத்துப் பிரம்பு நாற்காலி ஒண்ணு மச்சுல கெடந்துச்சுங்க. எறக்கி வெச்சிருக்கோம். பூராவும் கறுப்பு எனாமல் அடிச்சிரலாமுங்களா, இல்ல வால்நட் கலர் ஏத்தலாமுங்களா?" ரெண்டும் வேண்டாம், கொஞ்சம் பொறு கண்ணு, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் அது ஒரு பாடமாகவே நீண்டுவிட்டது. சமூக அறிவியல் வாத்தியாரிடம் பாலிஷ் பற்றிக் கேட்டால் வரலாறுதான் வரும். பொறுத்துப் படியுங்கள். செய்முறையும் கடைசியில் இருக்கிறது.

பிரம்பு என்றதும் உங்களில் பலருக்கு வகுப்பறை மேசை ஞாபகம் வரும் என்று தெரியும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அந்தக் கதையை முடித்து வைத்தது. நல்லதுதான். இன்றைக்கு உட்காரும் பிரம்பைப் பற்றி மட்டும் பேசுவோம்.

முதலில் ஒரு விஷயம். பிரம்பு மூங்கில் அல்ல. மூங்கில் புல் இனம், உள்ளே கூடு. பிரம்பு பனை, தென்னை இனம். ஆனால் தானாக நிமிர்ந்து நிற்காமல், முள்ளும் கொக்கியும் கொண்டு அடுத்த மரத்தைப் பற்றி ஏறும் கொடிப்பனை. காட்டில் நூறு மீட்டருக்கு மேல் நீளும் கொடிகள் உண்டு. உள்ளே கெட்டி. ஆனாலும் நீளவாக்கில் நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன. ஒரு சாண் பிரம்புத் துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதிப் பாருங்கள், குமிழி வரும். பேரன் பேத்திகளுக்குச் செய்து காட்ட நல்ல சோதனை. வெளித்தோலோ இதற்கு நேர் எதிர். அதில் மணலில் உள்ள அதே சிலிக்கா படிந்திருக்கிறது. அதனால்தான் அந்த வழவழப்பும் பளபளப்பும். தோல் தண்ணீரை விடாது, உள்ளே இருப்பது தண்ணீரைக் குடிக்கும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரம்புக்குப் பூசிய எல்லாப் பூச்சின் வரலாறும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

நம் மக்களுக்குப் பிரம்பு புதிதல்ல. குறுந்தொகையின் 91-ஆம் பாடலில், ஆழமான குளத்தோரத்துப் பிரம்புப் புதரில் பழுத்த கனியைக் கெண்டை மீன் கவ்வுகிற காட்சியை ஔவையார் காட்டுகிறார். பழத்தின் மேல்தோலில் வரி இருப்பதைக்கூட அவர் விடவில்லை. மலேசியாவில், சிங்கப்பூரில் இருக்கும் நம் சொந்தங்கள் சலாக் பழம் பார்த்திருப்பீர்கள். பாம்புச் செதில் போல இருக்குமே, அதுவும் பிரம்பின் பங்காளிதான். ஆக, சங்க காலத்திலேயே பிரம்பு மலைக்காட்டில் மட்டுமல்ல, மருத நிலத்துக் குளக்கரையிலும் இருந்திருக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆற்றோரம், குளத்தோரம் வளரும் அந்த வகைக்கு அறிவியல் பெயர் கலாமஸ் ரோட்டாங். ரோட்டாங் என்பது மலாய் மொழியின் ரோத்தான். ஆங்கிலத்தின் ராட்டன் என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததே. பினாங்கிலும் ஈப்போவிலும் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அம்மா கையிலிருந்த ரோத்தான் மறந்திருக்காது.

பக்கத்தில் விளைந்ததைத் தோலோடு எடுத்துப் பின்னிய வரைக்கும் பிரம்புக்கு நிறம் ஏற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை. அதன் தோலே அதற்கு வார்னிஷ். நம் வீடுகளில் பூச்சு போட்டது மூங்கில் முறத்துக்கு. புது முறம் வாங்கினால் சாணி மெழுகுவார்கள், அல்லது வெந்தயத்தையும் ஊறிய காகிதத்தையும் அரைத்துப் பூசி வெயிலில் காய வைப்பார்கள். அது அழகுக்காக அல்ல, இடைவெளி வழியே தானியம் ஒழுகாமல் இருக்க. பிரம்புக்கு வந்த நிறமெல்லாம் கைப்பட்ட எண்ணெயும் அடுப்புப் புகையும் வருஷக்கணக்கில் தந்த தேன் நிறம்தான்.

அடுத்த கட்டம் நம் கண்ணெதிரே நிற்கும் மலையில் நடந்தது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடு அரசின் கைக்குப் போனது. ஆனைமலைக் காடர்கள் காலங்காலமாகத் தேன், ஏலம், பிரம்பு என்று எடுத்து வந்தவை சட்டத்தின் கண்ணில் 'வனப்பொருள்' ஆயின. கோவையில் 1902-இல் திறந்த வன அருங்காட்சியகம் அந்தக் காலத்தின் சாட்சி. ஆர்.எஸ்.புரத்தில் வனக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கும் காஸ் மியூசியம்தான் அது. எட்டாம் வகுப்பில் சுற்றிப் பார்க்கப் போனது சிலருக்கு நினைவிருக்கலாம். காடு என்னென்ன தரும் என்று எண்ணி, பெயரிட்டு, அடுக்கி வைத்த காலம் அது. சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய காம்பிள் என்ற வன அதிகாரியின் பெயரிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பிரம்பு வகை உண்டு. கலாமஸ் காம்ப்ளியை என்று பெயரிட்டவர் பெக்காரி என்ற இத்தாலியர். பிற்காலத்தில் இந்த மலையின் பிரம்பு வகைகளையெல்லாம் வகைப்படுத்தி எழுதியவர் ரேணுகா என்ற அறிஞர். நமக்குப் பக்கத்தில், திருச்சூர் மாவட்டம் பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர்.

மலையில் பெயர் வைத்துக்கொண்டிருந்தபோது, கடல் கடந்து பிரம்பு வேறு ஒரு வேலைக்குப் போயிருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இங்கிலாந்துக்குப் போன பிரம்பு, அங்கே நாற்காலிப் பின்னலாக மாறியது. பஞ்சு மெத்தையைவிட மலிவு, எடை குறைவு, பூச்சி அண்டாது. அமெரிக்காவில் பாஸ்டன் துறைமுகத்தில் சரக்குகள் உருளாமல் இருக்க இடையில் செருகி வந்த பிரம்பைக் கரையில் வீசிவிடுவார்கள். சைரஸ் வேக்ஃபீல்டு என்ற மளிகைக்காரர் 1844 வாக்கில் அதைச் சேர்த்து விற்கத் தொடங்கி, கடைசியில் பெரிய தொழிற்சாலையே கட்டிவிட்டார். ஊருக்கே அவர் பெயர் வைத்தார்கள்.

நம் பக்கம் அந்த நாற்காலி வந்தது ரயிலோடும் தோட்டக்காரர்களோடும். சென்னையிலிருந்து போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரைக்கு 1862-இல் ரயில் பாதை முடிந்தது. 1873-இல் மேட்டுப்பாளையம் வரை நீண்டது. ரயில் நிலையக் காத்திருப்பு அறை, மலைத் தோட்ட பங்களா, கலெக்டர் ஆபீஸ், கோர்ட், பிறகு ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணை என்று படிப்படியாக இறங்கியது. தேக்குச் சட்டம், அதில் வரிசையாகத் துளை, துளைகளுக்கிடையே பிரம்புப் பட்டைப் பின்னல். அந்தப் பட்டை என்பது பிரம்பின் தோலைச் சீவி எடுத்தது. நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என்று ஆறு வழி ஓடி, கடைசியாக ஓரக்கட்டு. ஏழு படி. முடித்துப் பார்த்தால் எட்டுப் பக்கக் கண்கள் வரிசையாகத் தெரியும். காற்று உள்ளே புகுந்து வெளியே போகும். நம் சித்திரை வெயிலுக்கு அதைவிட நல்ல ஆசனம் கிடையாது.

சரி, சாயம் எப்போது வந்தது? பிரம்பு தூரத்திலிருந்து வரத் தொடங்கியபோது. வெட்டிய பிரம்பில் ஈரம் அதிகம். சில நாள் அப்படியே கிடந்தால் பூஞ்சணம் பிடித்து நீலக் கறை விழும். உளுக்கும். தூரப் பயணத்துக்காக டீசல், மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் வேகவைத்து ஈரத்தையும் பிசினையும் வெளியேற்றுவது இந்தோனேசியாவில் பெரிய அளவில் நடக்கும் முறை. நம் நாட்டிலும் அதைப் பின்பற்றுகிறார்கள். நல்ல தோல்பிரம்பு ஒரு நிறம், கறை விழுந்தது ஒரு நிறம், தோல் சீவியது இன்னொரு நிறம். பல இடத்துச் சரக்கை ஒரே சோபாவில் சேர்க்கும்போது நிறம் ஒத்துப்போக வேண்டுமே. கறையையும் கலப்பையும் மூடத்தான் சாயம் வந்தது. தமிழ்நாட்டில் இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் கொள்ளிடத்தை ஒட்டிய தைக்கால் என்ற ஊருக்குப் போங்கள். சாலையின் இரு பக்கமும் ஊஞ்சலும் சோபாவும் தொட்டிலுமாகத் தொங்கும். பின்னுவது நம் ஊர்க் கைகள். பிரம்போ அசாம் முதலான தொலைதூரத்திலிருந்து வருகிறது.

சாயத்துக்கு மேலே பூசியது அரக்கு. பாரதத்தில் அரக்கு மாளிகை படித்தீர்களே, அதே அரக்கு. சோட்டா நாக்பூர்ப் பக்கக் காடுகளில் மரக்கிளையில் ஒரு சிறு பூச்சி கட்டும் பிசின். அதைச் சுத்தம் செய்து, தகடாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்தால் பிரெஞ்ச் பாலிஷ். பேர்தான் பிரெஞ்ச், சரக்கு நம் நாட்டுடையது.

இந்தப் பாலிஷுக்கு நம் மாநிலத்தில் ஒரு சோகக் கதையும் உண்டு. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். நம் கொங்குப் பகுதியில்தான் அது முதலில் வந்தது. 1948-இல் மாகாணம் முழுக்கப் பரவியது, 1971 வரை நீடித்தது. கள்ளும் சாராயமும் கிடைக்காதபோது சிலர் பாலிஷையும் வார்னிஷையும் வடிகட்டிக் குடித்தார்கள். மெத்தில் ஆல்கஹால் கலந்த ஸ்பிரிட் முதலில் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரைப் பறிக்கும். 1959-இல் ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், பிரெஞ்ச் பாலிஷ் ஆகியவற்றுக்கென்றே தனி விதிகள் போட்டார்கள். மர வேலைக்காரன் சாமானுக்கு மதுவிலக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது இப்படித்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரம்பு நாற்காலிப் பின்னல் பார்வையற்றவர்களின் தொழிலாக நம் நாடு முழுக்க இருந்தது. பார்வையற்றோர் பள்ளிகளில் அதைத் தொழிற்கல்வியாகவே கற்றுத் தந்தார்கள். அரசு அலுவலகத்தில் இருக்கை தொய்ந்தால் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். துளையை விரலால் தடவி எண்ணுவார்கள், பட்டையின் வழவழப்பான பக்கம் மேலே வருகிறதா என்று கட்டைவிரலால் பார்ப்பார்கள். ஏழு படியும் கைக்கு மனப்பாடம். கண் தேவையே இல்லை. ஒரு அலுவலகத்தில் நூறு நாற்காலி இருந்தால் அது ஒரு குடும்பத்துக்குச் சோறு. பிறகு பிளாஸ்டிக் நாற்காலியும் சக்கர நாற்காலியும் வந்தன. பிரம்பு நாற்காலிகள் ஏலத்துக்குப் போயின. கம்ப்யூட்டர் படித்த பார்வையற்ற பிள்ளைகள் இன்று நல்ல வேலைகளில் இருக்கிறார்கள், அது பெரிய முன்னேற்றம். ஆனால் வேறு தொழில் கற்க வயது கடந்திருந்தவர்களுக்கு அந்த ஏலம் சோற்றில் விழுந்த மண்.

இதையெல்லாம் நாற்காலிக்குப் பெயிண்ட் அடிக்கும் கேள்விக்கு ஏன் சொல்கிறேன்? எனாமல் அடித்தால் துளைகள் அடைபடும். பட்டை சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை பின்னல் போட வருபவர் கையை விரித்துவிடுவார். பின்னல் அறுந்தால் மாற்றிப் போடுவதற்காகவே செய்த நாற்காலி அது. பெயிண்ட் அடித்தால் பிறகு பழுது பார்க்க வழியில்லை. பின்னுகிறவருக்கும் ஒரு வேலை குறையும்.

நம் ஊர் காற்றையும் பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் மழை கொட்டும், பிரம்பில் பூஞ்சணம் பிடிக்கும். அவர்களுக்குப் பூச்சு அவசியம். வால்பாறையிலும் அப்படியே. கோவைக்கு ஆண்டு மழை எழுநூறு மில்லிமீட்டரைச் சுற்றித்தான். பங்குனி, சித்திரையில் காற்று வறண்டு, பின்னல் ஈரமிழந்து மொறுமொறு என்று ஆகிவிடும். உட்கார்ந்ததும் படீரென்று அறுவது அப்போதுதான். ஒரே நாற்காலி, மலைக்கு அந்தப் பக்கம் ஈரத்தால் கெடுகிறது, இந்தப் பக்கம் ஈரமில்லாமல் கெடுகிறது. அதனால் யூடியூபில் எந்த ஊர்க்காரர் சொன்னதையும் அப்படியே செய்ய வேண்டாம்.

இனி செய்முறை. மாணவருக்கு நான் சொன்னது இதுதான்.

1. முதலில் அடையாளம் காணுங்கள். கூடாக இருந்தால் மூங்கில். ஒரே சீராக, கணுவே இல்லாமல், நகம் பட்டால் மழுங்கினால் பிளாஸ்டிக். கணுவும் கெட்டியுமாக இருந்தால் பிரம்பு. பளபளப்பான தோல் இருக்கிறதா, சீவியதா என்றும் பாருங்கள்.

2. தூசியை பிரஷ்ஷால் தட்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். நிழலில் இரண்டு நாள் காய விடுங்கள். நேர் வெயில் வேண்டாம். மாவு போல உதிர்ந்தால் வண்டு உளுக்கிறது என்று அர்த்தம். போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரைத் தடவிக் காயவிட்டால் புதிதாகப் பரவாமல் கட்டுப்படும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

3. பின்னலுக்கு எதையும் பூசாதீர்கள். வார்னிஷும் வேண்டாம், டச்வுட்டும் வேண்டாம். மேல்பக்கம் தோல், அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும். கீழ்ப்பக்கம்தான் அதற்கு வாய். மாதம் ஒரு முறை, கோடையில் இரண்டு முறை, நாற்காலியைக் கவிழ்த்து ஈரத்துணியால் அடிப்பக்கம் ஒற்றி, ஒரு இரவு உட்காராமல் விடுங்கள். லேசாகத் தொய்ந்த பின்னல் காய்ந்ததும் முரசு போல இறுகும்.

4. தோல் உள்ள முழுப் பிரம்புச் சாமானுக்குச் சாயம் ஏறாது. ஏற்ற வேண்டும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், இயற்கை போட்ட வார்னிஷைச் சுரண்டிவிட்டு, கடையில் காசு கொடுத்து இன்னொன்று வாங்கிப் பூசுவதாகும். துடைத்துவிட்டு அப்படியே விடுங்கள்.

5. தோல் சீவிய பிரம்புக்கு மட்டும் சாயம். அது மை உறிஞ்சும் காகிதம் போலக் குடிக்கும், அதனால் நீர்க்கக் கலந்து தொடங்குங்கள். மெல்லிய உப்புத்தாளால் நார்களைத் தேய்த்து, அடிப்பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில் பூசிப் பாருங்கள். காய்ந்த பிறகுதான் உண்மை நிறம் தெரியும். கடைச் சாயம் வேண்டாம் என்றால் கடுக்காய் ஊறவைத்த தண்ணீரைப் பூசிக் காயவிட்டு, அன்னபேதி கரைத்த தண்ணீரை மிக லேசாக ஒற்றுங்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து சாம்பலிலிருந்து கறுப்பு வரை தரும். பழங்கால எழுத்து மையும் இதே வித்தைதான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

6. மரச்சட்டத்துக்கும் சாயமேற்றிய பிரம்புக்கும் அரக்கு பாலிஷ் போதும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அரக்குத் தகடு போட்டு ஒரு இரவு ஊறவைத்து வடிகட்டுங்கள். பஞ்சை வெள்ளைத் துணியில் பொதிந்து, தொட்டு, மெல்லிசாக நான்கைந்து முறை. ஒவ்வொரு முறையும் நன்றாகக் காயட்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பை அணைத்து வையுங்கள். இதன் மேல் சூடான காப்பி டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். அப்படி விழுந்தாலும் மறுபடி ஒரு கை அரக்கு ஓட்டினால் பெரும்பாலும் மறையும். வேறு எந்தப் பூச்சிலும் இவ்வளவு எளிதாகத் திருத்த முடியாது. ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள், எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள்.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், சிறு வனப்பொருள் பட்டியலில் பிரம்பையும் பெயர் சொல்லிச் சேர்த்து, காலங்காலமாகக் காட்டில் வாழ்பவர்களுக்கு அதன் மேல் உரிமை தந்திருக்கிறது. 1882-இல் கை மாறியது 124 வருஷம் கழித்துச் சட்டப் புத்தகத்திலாவது திரும்பியது. கடையில் விலை கேட்கும்போது, இது எந்த ஊர்ப் பிரம்பு என்றும் கேளுங்கள். பலருக்குச் சொல்லத் தெரியாது. நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்குச் சொல்லவாவது விசாரித்து வைப்பார்கள்.

என் மாணவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப பின்னல் போடறவங்கள எங்கீங்கய்யா தேடறது?" என்றார். சரியான கேள்வி. கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, உடுமலை, கோபி என்று எந்த ஊரில் இருந்தாலும், நாற்காலிப் பின்னல் போடுபவர் யாரையாவது தெரிந்தால் அவரிடம் கேட்டு, சம்மதத்தோடு எனக்குத் தனிச்செய்தியில் எண் அனுப்புங்கள். இங்கே பொதுவில் போட வேண்டாம். வேலை வேண்டுபவர்களுக்கு நான் சொல்லி அனுப்புகிறேன். கூலியில் பேரம் பேசாதீர்கள். ஒரு இருக்கைக்கு நூற்றுக்கணக்கான முறை கை துளைக்குள் போய் வருகிறது.

மச்சில், கொட்டாயில், மாட்டுச்சாலை ஓரத்தில் பழைய நாற்காலி கிடந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கித் துடைத்து, படம் எடுத்துப் போடுங்கள். தோலா, சீவியதா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம்.